அண்ணன் பெயரில் தம்பியின் நெஞ்சு

அண்ணனை மூச்சுத் திணறலோடு சேர்த்திருந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், அண்ணி இளவேனில் கைப்பையிலிருந்து அந்தப் பழுப்பு உறையை வெளியே எடுத்ததும் செங்குட்டுவனுக்கு நாக்கு நுனிவரை ஒரு கெட்ட வார்த்தை வந்துவிட்டது. உறையின் மேல் சிலம்பரசன் என்று அண்ணனின் பெயர் பேனாவால் எழுதியிருந்தது. உள்ளே இருந்த எக்ஸ்ரே படம் அண்ணனுடைய நெஞ்சு இல்லை. செங்குட்டுவனுடையது.

"இத ஏன் அண்ணி எடுத்தாந்தீங்க?"

"பழைய படம் எதனா இருந்தா எடுத்தாரச் சொன்னாங்க இல்ல? பீரோ மேல பத்திரமா வெச்சிருந்தேன். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஆதார் கார்டையே தொலைக்கிற ஆளுங்க. நான் வெச்ச பொருள் வெச்ச எடத்துல இருக்கும்."

அதற்குள் நர்ஸ் வளர்மதி உறையை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போய்விட்டாள்.

வடக்குத்து கிராமத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன் செங்குட்டுவன். எதற்கும் சட்டென்று அசைகிற ஆள் இல்லை. கலங்கினால் வேலை கெடும் என்பது அவன் கட்சி. ஆனால் அந்த உறை கதவுக்குள் போன வேகத்தில் அவனே பின்னாலேயே இரண்டு எட்டு போய் நின்றான்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தபோது சிலம்பரசனுக்கு டிபி வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி மாத்திரையை ஒரு நாள் விடாமல் விழுங்கினான், குணமாகிவிட்டது. நுரையீரலின் மேல்பகுதியில் மட்டும் ஒரு வடு தங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பி, நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அந்த வடுதான் குறுக்கே வந்தது. கான்ட்ராக்டர் நடத்தும் மெடிக்கல் பரிசோதனையில் நெஞ்சுப் படம் உண்டு. படத்தில் கொஞ்சம் நிழல் தெரிந்தாலும் கேட் பாஸ் கிடையாது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையான விதியா, டீக்கடை விதியா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகம் வரும்.

அதனால் எல்லாரும் செய்வதைச் செய்தார்கள். அந்தப் பக்கத்தில் அதற்கு ஆள் நிறுத்துவது என்று பெயர். நெஞ்சு சரியில்லாதவன் நெஞ்சு சரியாக உள்ள ஒருவனைத் தன் பெயரில் அனுப்புவான். அண்ணன் தம்பி என்றால் இன்னும் சுலபம், முகமும் ஒத்துப்போகும். செங்குட்டுவன் அண்ணனின் கார்டை எடுத்துக்கொண்டு போய்ச் சட்டையைக் கழற்றி, மூச்சை இழுத்துப் பிடித்து நின்றுவிட்டு வந்தான். சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தார்கள். நின்றவனை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிலம்பரசனுக்கு பாஸ் வந்தது. இன்றைக்கு அவன் பெர்மனென்ட் ஆகிற வரிசையில் முன்னால் நிற்கிறான். சீனியாரிட்டி கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. பாஸ் போனால் அது மொத்தமும் போகும்.

இளவேனிலுக்கு டிபியும் தெரியாது, ஆள் நிறுத்தியதும் தெரியாது.

டாக்டர் கிருஷ்ணப்ரியா இருவரையும் உள்ளே கூப்பிட்டார். சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. வெளிச்சப் பெட்டியில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன.

"இது நேத்து எடுத்தது. கீழ ரெண்டு பக்கமும் பனிமூட்டம் மாதிரி வெள்ளையா இருக்குல்ல? இது ஃப்ளூ. டெஸ்ட்லயும் அதான் வந்திருக்கு. மருந்து போய்க்கிட்டிருக்கு. ஆக்ஸிஜன் கொடுத்துத் தாங்கிப் பிடிச்சா மேல வந்துடுவார். இதப் பத்தி எனக்கு பயம் இல்ல." அவர் விரல் மேலே ஏறியது. "வலது பக்கம், மேல, இங்க. ஒரு ஓட்டை. சுத்தித் தடிச்ச சுவர். எனக்கு பயம் இதுலதான்."

"ஓட்டைன்னா?" என்றாள் இளவேனில்.

"நுரையீரல்ல பள்ளம். பழசா புதுசான்னு தெரியணும். பார்க்கப் பழைய வடு மாதிரிதான் இருக்கு. பக்கத்துல இருக்கிறதை எல்லாம் மேல இழுத்துச் சுருக்கி வெச்சிருக்கு. நேத்து நானும் அப்படித்தான் நெனச்சேன். அதனாலதான் பழைய படம் கேட்டேன்." இன்னொரு படத்தைத் தட்டினார். "இதுல அந்த இடம் சுத்தமா இருக்கு. அப்போ இந்த ஓட்டை இதுக்கப்புறம் வந்தது. ஃப்ளூ வந்து புண்ணான நுரையீரல்ல வேற கிருமி ஏறினா இப்படித் தோண்டும். வேகமா தோண்டும்."

"அதுக்கும் மருந்து இருக்குங்களா?"

"இருக்கு. கிட்னியப் பாதிக்கிற மருந்து. அவர் கிட்னி இப்பவே தளர்ந்துதான் இருக்கு. அதை இங்க வெச்சுக் குடுக்க எனக்கு வசதி இல்லம்மா. பாண்டிச்சேரிக்கு அனுப்பறேன். ஆம்புலன்ஸ் வண்டி சொல்லியாச்சு, வந்துக்கிட்டிருக்கு."

"வழியில ஒண்ணும் ஆவாதுங்களே?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "ஆகலாம். இவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படற ஆளை ரோட்டுல கொண்டுபோறது லேசான வேலை இல்ல. சி.டி. எடுத்துப் பார்க்கலாம்னாலும் அவரால நீட்டிப் படுக்க முடியல, படுத்தா மூச்சு எறங்குது. ஆனா இந்த ஓட்டை புதுசுன்னா இங்க வெச்சிருக்கிறது அதைவிட மோசம்."

செங்குட்டுவன் அந்தச் சுத்தமான படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் விலா எலும்புகள். அவன் இதயத்தின் நிழல். ஓரத்தில் அண்ணனின் பெயர். அந்தப் படத்தை நம்பித்தான் அண்ணனை வண்டியில் ஏற்றப் போகிறார்கள்.

வெளியே வராந்தாவில் சங்கரலிங்கம் உட்கார்ந்திருந்தார். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். இன்ஷூரன்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போடக் காலையிலேயே வந்தவர். அண்ணனின் கேஸ் ஷீட் முழுவதும் நகலாக அவர் கைக்குத்தான் போகும். 'சுத்தமான நெஞ்சா ஒண்ணு கொண்டாய்யா' என்று அன்றைக்குச் சிலம்பரசனின் காதில் சொன்னதும் இவர்தான்.

"என்ன தம்பி, டாக்டரம்மா என்ன சொல்லுது?"

"பழைய படத்துல இல்லாத ஓட்ட இப்ப இருக்குதாம். பாண்டிக்கு அனுப்பறாங்களாம்."

சங்கரலிங்கத்துக்குப் புரிய நேரம் ஆகவில்லை. எழுந்து, அவன் தோளில் கை போட்டு ஜன்னல் ஓரமாக நடத்திக்கொண்டு போனார்.

"பாண்டியில பெரிய ஆஸ்பத்திரி. அவங்களே எல்லாம் கண்டுபிடிப்பாங்க. நீ எதையும் கிளறாத. கிளறினா உன் அண்ணன் பாஸ் மட்டும் போகாது, என் சோறும் போகும். இந்தப் பக்கத்துல எத்தன பேரு யாரு நெஞ்ச வெச்சு வேலை பாக்கறான்னு உனக்கே தெரியும்."

"வழியில செத்துட்டான்னா?"

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? நல்லதே நெனைய்யா."

"நெனச்சா மூச்சு வருமா சார்?" என்று கேட்டுவிட்டு அவர் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டான்.

மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு அண்ணன் இருந்த வார்டுக்குள் போனான். சிலம்பரசன் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஆக்ஸிஜன் முகமூடி முகத்தில் பாதியை மூடியிருந்தது. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கியது. மழைக்காலத்தில் பெல்ட்டில் மண் ஒட்டிக்கொண்டால் மண்வாரியால் சுரண்டித் தள்ளுகிற கைகள், இப்போது போர்வையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணி அந்தப் படத்த எடுத்தாந்துட்டாங்க," என்றான் செங்குட்டுவன் நேராக. "உன்னுதுன்னு நெனச்சு, உள்ள இருக்கிற வடு புதுசுன்னு சொல்றாங்க. வண்டி வருது. நான் சொல்லிடறன்."

சிலம்பரசன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான்.

"வாயத் தொறந்த... கொன்னுடுவன்."

"எழுந்து நில்லு மொதல்ல. அப்புறம் கொல்லலாம்."

"சீனியாரிட்டிடா..." அதற்கு மேல் மூச்சு எட்டவில்லை. மானிட்டர் கத்தியது. வளர்மதி ஓடிவந்து முகமூடியைச் சரிசெய்தாள்.

"பேச வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? வெளிய போங்க நீங்க."

வெளியே வந்தவன் நின்று யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? பாஸ் என்பது பிளாஸ்டிக் அட்டை. அதைக் கழுத்தில் மாட்ட ஒரு கழுத்து வேண்டும். இவ்வளவு எளிய கணக்கை அண்ணனால் போட முடியவில்லை என்றால் அது மூளைக்கு ஆக்ஸிஜன் போதாததால்தான் என்று முடிவுகட்டிவிட்டு, டாக்டரின் கதவைத் தள்ளினான். இளவேனில் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், அந்தப் பழைய படம் எங்க அண்ணன் இல்ல. நான்."

கிருஷ்ணப்ரியா பேனாவைக் கீழே வைத்தார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். திருப்பூர், மாத்திரை, வடு, மெடிக்கல், ஆள் நிறுத்தியது. சுருக்கமாக, எங்கேயும் தன்னை நல்லவனாக ஆக்காமல் சொன்னான். சங்கரலிங்கத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டான்.

இளவேனில் அவன் முன்னால் வந்து நின்றாள். பிறகு கேட்டாள்:

"அப்ப மணையில ஒக்காந்து எனக்குத் தாலி கட்டினது யாரு? அதுவாச்சும் அவருதானா? இல்ல, அதுக்கும் ஆளு நிறுத்தினீங்களா?"

"அண்ணி..."

"பேசாத நீ."

டாக்டர் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. "இங்க பாருங்க. ரெஃபர் பண்றேன்னு சொன்னதும் நிறைய பேர் இப்படி வந்து சொல்வாங்க. அது பழசு மேடம், சின்ன வயசுலயே இருந்தது மேடம், இங்கயே வெச்சுக்கங்கன்னு. வண்டிக்கு பயந்து சொல்ற பொய். நீங்க சொல்றத எப்படி நம்பறது?"

"என்னையும் ஒரு படம் எடுங்க. பக்கத்துல வெச்சுப் பாருங்க."

"உடம்பு நல்லா இருக்கிறவருக்கு எக்ஸ்ரே எதுக்கு?"

"ஒருவாட்டி அவன் பேர்ல நின்னேன். இப்ப என் பேர்ல நிக்கறேன். சீக்கிரம் மேடம், வண்டி வந்துடும்."

கிருஷ்ணப்ரியா அவனை ஒரு கணம் அளந்தார். பிறகு சீட்டில் கிறுக்கி நீட்டினார். "கார்முகில்கிட்ட போங்க. உடனே வேணும்னு சொன்னேன்னு சொல்லுங்க."

எக்ஸ்ரே அறையில் இருந்த கார்முகிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இருமல் இருக்கா?" என்றான்.

"இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல."

"பின்ன எதுக்கு?"

"என் நெஞ்சு என்னுதுதானான்னு பாக்கறதுக்கு. எடு தம்பி."

தட்டில் நெஞ்சை ஒட்டி, முகவாயைத் தூக்கி, தோள்களை முன்னால் தள்ளி நின்றான். தட்டு சில்லென்றிருந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னான் கார்முகில். இழுத்தான். எவ்வளவு சுலபமாக உள்ளே போகிறது என்று அன்றைக்குத்தான் கவனித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் இதற்குத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் அறையின் வெளிச்சப் பெட்டியில் மூன்று படங்களும் வரிசையாக ஏறின. கிருஷ்ணப்ரியா இந்த முறை நுரையீரலைப் பார்க்கவில்லை. எலும்பை எண்ணினார். பழைய படத்தில் இடது பக்கம் ஒரு விலா எலும்பு முன்புறம் வரும்போது உண்டிவில் கவட்டை போல இரண்டாகப் பிரிந்தது. இப்போது எடுத்த செங்குட்டுவன் படத்திலும் அதே எலும்பு, அதே கவட்டை. நேற்றைய சிலம்பரசன் படத்தில் அந்த எலும்பு ஒன்றாகவே நேரே போனது.

"பிறவியிலேயே சிலருக்கு இப்படி இருக்கும். ஒரு கெடுதலும் இல்ல," என்றார். "ஃப்ளூ வந்து எலும்பு ஒட்டிக்காது. நீங்க சொன்னது நிஜம். எலும்ப நான் நேத்தே பார்த்திருக்கணும். ஓட்டையப் பார்த்ததும் கண்ணு அங்கேயே நின்னுடுச்சு."

பழைய படத்தைக் கழற்றி மேசைமேல் குப்புறப் போட்டார். அது போனதும் அவர் குரலே மாறிவிட்டது. "இப்போ உங்க அண்ணனுக்குப் பழைய படமே கிடையாது. அப்போ என் கண்ண நம்பறேன். என் கண்ணுக்கு இது பழைய வடு. கீழ இருக்கிறது ஃப்ளூ. ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. இவர அசைக்கல. ஆக்ஸிஜனக் கூட்டறேன், ஃப்ளூ மருந்து அதேதான். சளி எடுத்து டிபி இருக்கான்னும் பார்த்துடலாம். நாளைக்குக் காலையில இதே மாதிரி ஒரு படம். ஓட்டை ஒரு இம்மி பெருசா இருந்தாலும் நானே கூட ஏறி பாண்டிக்குக் கொண்டு போறேன். அப்படியே இருந்தா இங்கயே நிமித்திடலாம்."

"நிமித்திடுவீங்களா?"

"நிமித்திடுவேன்."

செங்குட்டுவனுக்கு அந்தப் பதில் பிடித்தது. கடவுள் மேல் பாரத்தைப் போடாத பதில்.

"ஒண்ணு மேடம். அந்தப் படம் விஷயம் எழுதாம இருக்க முடியுமா? ஃபைல் கான்ட்ராக்டர்கிட்ட போவும்."

"முடியாது. நாளைக்கு ஷிஃப்ட் மாறி வேற டாக்டர் வந்து அந்தப் படத்தப் பார்த்தா, அவரும் இதே தப்பப் பண்ணுவார். பழைய படம் இவருடையது இல்லன்னு எழுதித்தான் ஆகணும்."

"சரி, எழுதுங்க," என்றான். ஏற்கெனவே முடிவுசெய்துவிட்ட விஷயத்துக்கு இரண்டாவது தடவை வருத்தப்படுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

வண்டி வந்தது. வளர்மதி போய் டிரைவரிடம் பேசித் திருப்பி அனுப்பினாள். ஜன்னலில் இருந்து அது திரும்புவதைப் பார்த்த சங்கரலிங்கம் செங்குட்டுவனைப் பார்த்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலைப் படத்தில் ஓட்டை அப்படியே இருந்தது. சுவரும் தடிக்கவில்லை, உள்ளே நீரும் சேரவில்லை. கீழே பனிமூட்டம் மட்டும் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. இளவேனில் மிரண்டாள். "இது ஏறித்தான் எறங்கும்," என்றார் டாக்டர். சளியில் டிபி கிருமி இல்லை. சிலம்பரசனைக் குப்புறச் சாய்த்தும் ஒருக்களித்தும் படுக்க வைத்தார்கள். அவன் எல்லாரையும் முறைத்தான். முறைக்கத் தெம்பு வந்திருக்கிறது என்று வளர்மதி சொன்னாள். அடுத்த படத்தில் மூட்டம் நின்ற இடத்தில் நின்றது. அதற்கடுத்ததில் ஓரங்களில் கிழிய ஆரம்பித்தது. பெரிய முகமூடி போய் மூக்குக் குழாய் வந்தது. குழாய் வந்ததும் அவன் முதலில் கேட்டது டீ.

இளவேனில் டீயை ஆற்றிக் கொடுத்தபடியே கணக்குத் தீர்த்தாள்.

"டிபி வந்துச்சுன்னு சொன்னா ஓடியா போயிடுவேன்? வந்தவன் மாத்திர சாப்ட்டான், போச்சு. அத மறைக்கறதுக்கு ஒருத்தன், மறைச்சத மறைக்கறதுக்கு இன்னொருத்தன். நடுவுல நான் ஒருத்தி, கொழுந்தன் நெஞ்ச பீரோ மேல வெச்சுப் பத்திரப்படுத்திகினு இருந்திருக்கேன்."

சிலம்பரசன் டீயைப் பார்த்துக்கொண்டே குடித்தான். தம்பி இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

பாஸ் ரத்தானது. சங்கரலிங்கமே வந்து சொன்னார், ஒன்றுமே அறியாதவர் போன்ற முகத்தோடு. "ஆள்மாறாட்டம்னு ஃபைல்ல இருக்கு தம்பி, மேல கேக்கறாங்க, நான் என்ன செய்ய?" பழைய சர்வீஸ் கணக்கில் வராது. உடம்பு தேறியதும் வேண்டுமானால் புதிதாக விண்ணப்பம் போடட்டும், முதலிலிருந்து. செங்குட்டுவன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டான்.

"உங்க பேர நான் எங்கயும் சொல்லல சார். அது உங்களுக்காக இல்ல. மறுபடி அவன் விண்ணப்பம் போட்டா, அது உங்க டேபிளத் தாண்டித்தான் போவணும். அப்ப ஞாபகம் வெச்சுக்கங்க."

சங்கரலிங்கம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் கிருஷ்ணப்ரியா கடைசிப் படத்தைச் சிலம்பரசனுக்கே காட்டினார். கீழே கொஞ்சம் கோடுகள் மிச்சம் இருந்தன, போகப் போக மறையும் என்றார். மேலே வடு, வந்த அன்றைக்கு இருந்த அதே அளவில்.

"இது உங்களோட சாகறவரைக்கும் இருக்கும். வேலைக்கு இது தடைன்னு யார் சொன்னது?"

"எல்லாரும் சொன்னாங்க."

"யாராவது டாக்டர் சொன்னாங்களா?"

சிலம்பரசன் படத்தில் இருந்த வடுவைக் குனிந்து பார்த்தான்.

"கொஞ்ச நாள் கழிச்சு வாங்க. ஊதிப் பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, நுரையீரல் எவ்வளவு இழுக்குதுன்னு தெரியும். நல்லா இருந்தா, ஆறிப்போன வடு, வேலைக்குத் தகுதின்னு நானே எழுதித் தரேன். எடுத்துக்கறதும் எடுத்துக்காததும் அவங்க பாடு."

வராந்தாவில் நடக்கும்போதுதான் அவன் தம்பியிடம் வாயைத் திறந்தான்.

"பாஸ் போச்சு."

"போச்சு."

"இத்தன வருசமும் போச்சு. ஒரு வார்த்த கேட்டுகினு பேசியிருக்கலாம் இல்ல?"

"கேட்டேன். கொன்னுடுவேன்னு சொன்ன."

சிலம்பரசனுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். செங்குட்டுவன் அவனைத் தாங்கப் போகவில்லை. இருமி முடிக்கட்டும் என்று விட்டான்.

"விண்ணப்பம் போடுவன்," என்றான் அண்ணன், மூச்சு திரும்பியதும். "இந்தவாட்டி நானே போயி நிக்கறன். இந்த ஓட்டையோட. வேணாம்னு சொல்றவன் என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்."

"வேணாம்னுட்டா?"

"அப்புறம் அவன்கிட்ட பேசிக்கறன். உன் பட்டறைக்கு வந்து ராடு புடிக்க மாட்டன். அத மட்டும் நெனச்சுகினு இருக்காத."

"எவன் கூப்ட்டான் உன்ன?"

இளவேனில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் திரும்பி, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தம் போட்டாள். "வர்றீங்களா, இல்ல ரெண்டு பேரும் இங்கயே குடித்தனம் பண்றீங்களா?"

செங்குட்டுவன் போய்ப் பட்டறை வண்டியை ஸ்டார்ட் செய்தான். வாசலில் இருந்து வண்டி நின்ற இடம் அதிகத் தூரம் இல்லை. சிலம்பரசன் பாதியில் நின்றான், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினான், மறுபடி நடந்தான். யாரையும் பிடிக்க விடவில்லை. இன்னொரு முறை நின்றான். செங்குட்டுவன் இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தான்.